காந்தம் பழசு, கால் புதுசு

சித்தப்பா தாம் செய்த காந்தப் பிடிப்பானுக்குக் காப்புரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்கு வந்த பரிசோதனை அறிக்கையை எங்கள் ஊர் ஒரே வரியில் முடித்துவிட்டது. "பேட்டண்ட் கிடைக்கலையாம், ஏற்கெனவே எவனோ வெள்ளைக்காரன் பண்ணிட்டானாம்." மலேசியாவில் எங்கள் ஊத்தான் மெலிந்தாங்கின் ஒட்டுக்கடையில் கிளம்பிய இந்தச் சேதி கோயில் கமிட்டிக் கூட்டம் வரைக்கும் போய், அங்கே யாரோ ஆறுதல் சொல்லப் போக, சித்தி வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். சித்தப்பா யாருடைய வேலையையும் பார்த்து எடுத்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் படிவத்தோடு விட்டுவிட்டு செம்பனை ஆலையில் பிட்டராகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகப் பட்டறை வைத்தவர். "காப்பி அடிச்சிட்டேன்னு எழுதியிருக்காங்கம்மா" என்று அவர் போனில் சொன்னபோது அந்தக் குரலில் இருந்தது கோபம் இல்லை, அவமானம். அது எனக்குள் இன்னும் அடங்கவில்லை. அறிக்கையில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை என்பது ஒரு காரணம். அறிக்கை உண்மையில் என்ன கேட்டது என்பதை, காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர்கள்கூட அவருக்கு உட்கார்ந்து சொல்லவில்லை என்பது இன்னொன்று.

நான் பெட்டாலிங் ஜெயாவில் காப்புரிமை ஆவணங்களைத் தேடிப் படிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒருவர் புதுசு என்று சொல்வது ஏற்கெனவே எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் நாள் முழுக்க வேலை. அதனால் விண்ணப்பத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதும் பரிசோதகர் பக்கம் கொஞ்சம் சாய்வேன். இதை மறைக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் பரிசோதகருக்கும் சித்தப்பாவுக்கும் இடையே சண்டையே இல்லை என்பது என் கட்சி. இடையில் ஒரு காகிதம் இருந்தது. அந்தக் காகிதத்தில் சித்தப்பா செய்தது இல்லை.

ஸ்டெரிலைசருக்குள்ளே

ஆலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஸ்டெரிலைசர் தெரியும். செம்பனைக் குலைகளைக் கேஜில் ஏற்றி உள்ளே தள்ளிக் கதவை அடைத்து, சுமார் 3 பார் அழுத்தத்தில் நீராவியில் வேகவைக்கிற நீளமான உருளை. பழத்தின் அமிலமும் ஆவியும் மணலும் சேர்ந்து உள்பக்கத்தை அரிக்கும் என்பதால், உருளையின் சொந்தச் சுவர் தேயாமல் இருக்க உள்ளே லைனர் தகடு போட்டிருப்பார்கள். அது தேயும், மாற்ற வேண்டும். ஆலை ஷட்டவுன் ஆகும் நாட்களில் சித்தப்பாவின் ஆட்கள் உள்ளே நுழைந்து பழைய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகட்டை வளைவோடு வளைவாக ஒட்டவைத்து டேக், அதாவது அங்கங்கே சின்னச் சின்ன வெல்டிங், அடிப்பார்கள். தகட்டை ஒட்டவைப்பதுதான் கஷ்டம். வழக்கமாகச் செய்வது என்னவென்றால், சுவரில் தற்காலிகமாக ஒரு இரும்புக் காதை வெல்ட் செய்து, அதற்கும் தகட்டுக்கும் நடுவில் ஆப்பு அடித்து இறுக்கி, டேக் போட்டபின் காதை உடைத்துவிட்டு கிரைண்டரால் தேய்ப்பது. ஸ்டெரிலைசர் அழுத்தக் கலம். அதன் சுவரில் நினைத்த இடத்தில் வெல்டிங் வைக்க முடியாது, ஜேகேகேபி என்ற தொழில் பாதுகாப்பு இலாகாவின் அனுமதி, சோதனை எல்லாம் உண்டு. வெல்ட் செய்து உடைத்த இடத்தில் நுண்ணிய விரிசல் தங்கினால் அது ஆள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அதனால் சித்தப்பா காந்தம் பக்கம் போனார். சுவரில் ஒரு காந்தக் கட்டையை ஒட்டி, அதிலிருந்து நீளும் கையில் ஒரு திருகு வைத்து, திருகைத் திருப்பினால் தகட்டை அழுத்தும்படி ஒரு பிடிப்பான். வேலை முடிந்ததும் காந்தத்தை அணைத்துவிட்டால் கையோடு வந்துவிடும். சுவரில் ஒரு தழும்பு இருக்காது.

இதில் அணைக்கக்கூடிய காந்தம் என்பது அவருக்கும் புதுசு இல்லை. டயல் கேஜ் வைக்கிற மேக்னட் பேஸ் எல்லாப் பட்டறையிலும் கிடக்கிறது. இரண்டு இரும்புப் பாதிகள், நடுவே பித்தளை மாதிரி காந்தம் பிடிக்காத ஒரு தடுப்பு, உள்ளே குறுக்குவாட்டில் காந்தமேற்றிய ஒரு உருளை. குமிழைத் திருப்பி உருளையின் வட, தென் துருவங்களை இரண்டு பாதிகளுக்கும் நேராக வைத்தால் காந்தப் பாய்வு கீழே இருக்கும் இரும்பு வழியாகச் சுற்றிவரும், பிடிக்கும். இன்னும் கால் சுற்று திருப்பினால் ஒவ்வொரு பாதிக்குள்ளேயே வடக்கும் தெற்கும் குறுக்குப் பாதையில் சேர்ந்துகொள்ளும், வெளியே எதுவும் வராது. மின்சாரம் வேண்டாம், அதனால் கரண்ட் போனாலும் விழாது. ஷெஃபீல்டின் ஜேம்ஸ் நீல் நிறுவனம் 1930-களிலேயே எக்லிப்ஸ் என்ற பெயரில் நிரந்தரக் காந்த சக், அதாவது வேலைப்பொருளைக் காந்தத்தால் பிடித்துவைக்கும் கருவி, விற்றது. 1980-களின் முதல் பாதியில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுவந்தபின், அதே வேலையை உள்ளங்கை அளவுக் கட்டை செய்ய ஆரம்பித்தது. அவ்வளவுதான் வரலாறு. மீதி நேரத்தைக் காலுக்கு, அதாவது காந்தக் கட்டையின் அடியில் சுவரைத் தொடும் பாகத்துக்கு, வைத்துக்கொள்கிறேன்.

பரிசோதகர் எழுதியது

விண்ணப்பத்தின் முதல் கிளெய்ம், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம், ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒரு உறை, அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு நிரந்தரக் காந்தங்கள், ஒன்று அசையாதது, மற்றது ஒரு கைப்பிடியால் சுழலக்கூடியது, உறையின் இருபக்கமும் துருவக் கால்கள், கைப்பிடியைத் திருப்பினால் பிடிக்கவும் விடவும் செய்யும் ஒரு பிடிப்புக் கருவி. படித்ததும் எனக்கு மனசு விழுந்துவிட்டது. காந்தம் சம்பந்தமாகத் தேடுகிறவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு ஆவணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தொடங்கி 2004-ல் அமெரிக்காவில் 6,707,360 என்ற எண்ணில் வழங்கப்பட்ட காப்புரிமை. அதிலும் குறுக்குவாட்டில் காந்தமேற்றிய இரண்டு உருளைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே உறைக்குள் இருக்கும். மேலே உள்ளதைத் திருப்பி வடக்கின்மேல் வடக்கு வந்தால் இரண்டும் சேர்ந்து உறைச் சுவர் வழியாக வெளியே தள்ளும், வடக்கின்மேல் தெற்கு வந்தால் உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடும். சித்தப்பாவின் முதல் கிளெய்மில் இருக்கிற ஒவ்வொரு உறுப்பும் அந்த ஒரே ஆவணத்தில் இருக்கிறது. புதுமை இல்லை என்று சொல்ல பரிசோதகருக்கு அது போதும். வேறு எதையும் அவர் எழுதியிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

இங்கே சித்தி கேட்ட கேள்வி நியாயமானது. "அந்தப் பேட்டண்ட்டுக்குத்தான் இருபது வருஷம் முடிஞ்சிருச்சே, அப்புறம் ஏன் குறுக்கே வருது?" காலம் முடிந்தது என்றால், யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம், விற்கலாம் என்று அர்த்தம். எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட ஒன்றை மறுபடி ஒருவர் பெயரில் எழுதித்தர முடியாது என்பதும் அதே அர்த்தத்தின் இன்னொரு பக்கம்தான். மலேசியாவின் 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உலகத்தில் எங்கே, எப்படி வெளியானதாக இருந்தாலும் விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியானது எல்லாவற்றையும் பழைய அறிவு என்றே எடுத்துக்கொள்கிறது. செத்த காப்புரிமை, உயிரோடிருக்கும் காப்புரிமை, யாரோ ஒரு கண்காட்சியில் காட்டியது, விலைப்பட்டியலில் அச்சடித்தது எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. தம்முடைய சொந்தக் காந்தச் சுழற்சியைப் பயன்படுத்த சித்தப்பா யாருக்கும் ஒரு சென் கட்ட வேண்டியதில்லை. இதையும் அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கையில் இருக்கும் பிடிப்பான்களை இனிமேல் வெளியே எடுத்தால் வழக்கு வருமோ என்று பயந்து பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்.

பரிசோதகர்கள் எங்கே தேடுகிறார்கள் என்று தெரிந்தால் அறிக்கையின் மேல் பாதிக் கோபம் குறையும். காப்புரிமை ஆவணங்களைக் குறியீடு போட்டு வகைவகையாகப் பிரித்து வைத்திருப்பார்கள், அதில் காந்தப் பிடிப்பான் என்று ஒரே இடத்தில் எல்லாம் இருப்பதில்லை. நிரந்தரக் காந்தம் எச்01எஃப் 7/02-ல் இருக்கும், அதன் ஈர்ப்பை விடுவிக்கும் வழிகள் பக்கத்திலேயே 7/04-ல், இயந்திரத்தில் வேலைப்பொருளைப் பிடிக்கும் காந்தம் பி23கியூ 3/154-ல், கிரேனில் தூக்குகிற காந்தம் பி66சி 1/04-ல், ரோபோ கையில் இருப்பது பி25ஜே 15/06-ல். வெல்டிங் பட்டறையில் பிறந்த ஒரு பொருளுக்கு முன்னோடி கிரேன் வரிசையில் கிடைக்கலாம். நல்ல பரிசோதகர் இத்தனையையும் திறந்து பார்ப்பார். இவர் பார்த்திருக்கிறார். இரண்டாவதாக அவர் காட்டியது ஒரு பழைய தூக்கு காந்தம். அதன் அடியில் குழாய்களைத் தூக்க வி வடிவத்தில் பள்ளம் வெட்டியிருந்தது. அதைக் கொண்டு ஐந்தாவது கிளெய்மை மறுத்திருந்தார். அந்த ஐந்தாவது கிளெய்ம் என்ன சொன்னது தெரியுமா? "வேலைப்பரப்பின் வடிவத்துக்கு ஏற்றபடி அமைந்த துருவக் கால்கள்." முதல் ஆவணத்தின் காந்தத்தோடு இரண்டாம் ஆவணத்தின் பள்ளத்தைச் சேர்ப்பது இந்தத் துறையில் கைதேர்ந்த எவருக்கும் தோன்றும், எனவே கண்டுபிடிப்புப் படி இல்லை என்று ஒரு பத்தி. எழுதியிருக்கிற வார்த்தைகளை வைத்துப் பார்த்தால் அதுவும் சரிதான். வடிவத்துக்கு ஏற்ற கால் என்றால் வி பள்ளமும் வடிவத்துக்கு ஏற்ற கால்தானே.

ஆனால் அந்த வரியில் எனக்கு ஒரு உறுத்தல். சித்தப்பாவின் காலில் பள்ளம் வெட்டியிருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பட்டறையில்

ஊருக்குப் போனபோது அறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோனேன். சித்தப்பாவின் பட்டறை கடைவரிசைக்குப் பின்னால், சாக்கடை ஓரமாக, தகரக் கூரையோடு இருக்கிறது. மழை வந்தால் பேச முடியாது, அவ்வளவு சத்தம். அவர் அறிக்கையைத் தொடவில்லை. நான் கேட்டபின் பெட்டியைத் திறந்து ஒரு பிடிப்பானை எடுத்து, மூலையில் கிடந்த பழைய உருளைத் துண்டின் உள்வளைவில் வைத்தார்.

தட்டையான காலை வளைவில் வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் இதில்தான் இருக்கிறது. காந்தத்தின் பிடிப்பு, தொடும் இடத்தில் உள்ள புலத்தின் இருமடியைப் பொறுத்தது. 1 டெஸ்லா இருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ இழுக்கும். புலம் பாதியானால் இழுப்பு பாதியாவதில்லை, கால்பங்குக்கு வந்துவிடும், 1 கிலோதான். புலத்தைக் குறைக்க ஒரு சிறு காற்று இடைவெளி போதும். 1.2 மீட்டர் ஆரமுள்ள உள்வளைவில், கட்டையின் நடுவிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி 3 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டைக் கால் உட்கார்ந்தால், அது கிட்டத்தட்ட 3 பாகை சாய்ந்து நிற்கும். வெளி ஓரம் தொடும், உள் ஓரம் ஒன்றரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கும். பெயிண்ட், துரு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதற்கு மேல். ஓரத்தில் மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கிற காந்தம் திருகை இறுக்கிய அடுத்த நிமிஷம் கழன்று வரும், தலைக்கு மேலே மாட்டியதாக இருந்தால் கீழே நிற்பவன் மேல் விழும்.

வளைவுக்கு ஏற்றபடி காலைக் கடைந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும். ஆனால் ஒவ்வொரு ஆலையிலும் உருளையின் விட்டம் வேறு, அதே உருளையிலும் நாள்பட்டு நசுங்கிய இடம் வேறு. சித்தப்பா காலைக் கட்டையிலிருந்து பிரித்து, கீல் போட்டு, தானாகச் சாயும்படி செய்திருந்தார். முதலில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கீலாகப் போட்டிருக்கிறார். அந்தக் கம்பி காந்தம் கடத்தாத வகை, போதாததற்குக் கீலைச் சுற்றிலும் இடைவெளி, கால் அழகாகச் சாய்ந்தது, பிடிப்பு போய்விட்டது. அப்புறம்தான் கம்பியைத் தூக்கிப்போட்டுவிட்டு, கட்டையின் அடியில் அரைவட்டக் குழி ஒன்று, காலின் தலையில் அதே ஆரத்தில் அரைவட்ட முதுகு ஒன்று என்று கடைந்திருக்கிறார். குழியில் நீல மை தடவி, முதுகை வைத்து அசைத்து, மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி சுரண்டி, முழுப் பரப்பும் மை பிடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார். காந்தப் பாய்வு மெல்லிய கம்பி வழியாகப் போகாமல் அந்த அகலமான பரப்பு வழியாக நேராகக் காலுக்கு இறங்கும். கால் கழன்று விழாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்னப் பித்தளைத் தகடு.

உருளைத் துண்டின்மேல் வைத்தபோது இரண்டு காலும் லொடலொடவென்று ஆடின. அவர் கட்டையை அசைத்து அசைத்து உட்காரவைத்தார், கால்கள் தாமாகச் சாய்ந்து வளைவில் படிந்தன. கைப்பிடியைத் திருப்பினார். நான் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. காந்தம் சுவரைப் பிடித்திருக்கிறது, அதனால் அசையவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சிரிக்காமல் அதை எடுத்து ஒரு இரும்புத் துண்டில் ஒரு காலை மட்டும் ஒட்டவைத்து, மற்றக் காலைக் காற்றில் விட்டுக் காட்டினார். காற்றில் நின்ற காலும் சாய்ந்த கோணத்திலேயே இறுகி நின்றது. கைப்பிடியைத் திருப்பி அணைத்தார், தொப்பென்று தொங்கியது.

"இது ஏன் சித்தப்பா இறுகுது?"

"ஆன் பண்ணா அதுவே இறுகிடும்மா. குழிக்குள்ள காலைக் காந்தம் இழுக்குதுல்ல? அதுக்குத்தானே குழியை அவ்வளவு நெருக்கமாச் சுரண்டினேன். இல்லன்னா திருகு இறுக்கையில கட்டை புரளும். தனியா ஒரு போல்ட் வச்சு கீலை இறுக்கலாம், ஆனா ஸ்டெரிலைசருக்குள்ள குனிஞ்சுக்கிட்டு எவன் போல்ட் இறுக்குவான்?"

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் நின்றேன். பாய்வு கடந்துபோகிற அதே பரப்பு, பாய்வின் இழுப்பாலேயே உராய்வுப் பூட்டாக மாறுகிறது. காந்தத்தை இயக்கினால் பிடிப்பும் பூட்டும் ஒரே கைத் திருப்பலில் நடக்கின்றன, அணைத்தால் இரண்டும் ஒன்றாக விடுகின்றன. வி பள்ளம் வெட்டிய தூக்கு காந்தம் இதை எங்கேயும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, அதில் அசைகிற கால் கிடையாது. இரண்டு உருளைக் காந்த ஆவணமும் இதைச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் இது வெளியே வராது. பரிசோதகர் தோற்கவில்லை, அவருக்கு முன்னால் இது கிளெய்மாக வைக்கப்படவே இல்லை.

ஒரு வாக்கியம், ஒரு படம்

இனி கவலை வேறு. மலேசியச் சட்டத்தின் 26ஏ பிரிவு விண்ணப்பத்தைத் திருத்த விடுகிறது, ஆனால் முதலில் தாக்கல் செய்ததில் சொல்லியிருப்பதைத் தாண்டித் திருத்தக்கூடாது. உலகம் முழுக்க ஏறக்குறைய இதே விதிதான், நியாயமான விதியும்கூட. இல்லாவிட்டால் இன்று ஒன்றைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவன் கண்டுபிடித்ததை நாளைக்கு உள்ளே நுழைத்துவிடலாம். ஆகவே கால் தானாக இறுகுவது பற்றி அந்தப் பழைய விண்ணப்பத்தில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான் எல்லாமே. அன்று ராத்திரி சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விவரணத்தை வரிவரியாகப் படித்தேன். காந்தத்தின் தரம் பற்றி இரண்டு பத்தி, உறையின் உலோகம் பற்றி ஒரு பத்தி, தொழிலில் பயன்படும் என்று பொத்தாம்பொதுவாக ஒரு பக்கம். யாரோ போனில் கேட்டு எழுதியது அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசிப் பக்கத்துக்கு முன் பக்கத்தில், படங்களை விளக்குகிற இடத்தில், ஒரே ஒரு வாக்கியம்: நான்காம் படத்தில் காட்டியபடி கால்கள் தம் வளைந்த இருக்கையில் அசையும், கருவி இயங்கும் நிலையில் காந்த இழுப்பால் இருக்கையோடு பிடிக்கப்பட்டு நிற்கும். நான்காம் படம் சித்தப்பா கையால் வரைந்த வெட்டுப்படம். குழியும் முதுகும் ஒரே ஆரத்தில் தெளிவாக இருக்கின்றன. இடைவெளியே இல்லாமல் வரைந்திருக்கிறார்.

அந்த வாக்கியத்தை அவர் போனில் சொல்லியிருக்கிறார். எழுதியவர் எழுதியும் இருக்கிறார். அது முக்கியம் என்று மட்டும் எழுதியவருக்குத் தோன்றவில்லை.

எனக்கு இதில்தான் ஆத்திரம். பட்டறைக்காரர்களிடம் யாரும் "எதில் கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்பதில்லை. "இது என்ன பொருள்?" என்று கேட்கிறார்கள். பொருள் அணைக்கக்கூடிய காந்தப் பிடிப்பான் என்று பதில் வந்ததும், அந்தப் பெயரில் உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சங்களை எடுத்து முதல் கிளெய்மில் அடுக்கிவிடுகிறார்கள். அகலமான கிளெய்ம், பெரிய காப்பு என்று கேட்பவருக்கும் சந்தோஷம். அந்த அகலம் முழுக்க ஏற்கெனவே மற்றவர்களுடையது, தேடிப் பார்த்தால் ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும். சித்தப்பா உட்கார்ந்து நீல மை தடவிச் சுரண்டிய இடம்தான் அவருடையது. எதில் முதல் தடவை தோற்றோம், அதை எப்படிச் சரிசெய்தோம் என்று கேட்டிருந்தால் துருப்பிடிக்காத எஃகுக் கீலின் கதையிலிருந்து நேராகக் கண்டுபிடிப்புக்கு வந்திருக்கலாம். வெல்டிங் ஆர்க் (மின்வில்) காந்தத்தின் பக்கத்தில் திசை மாறி அலையும், அதனால் டிசி மெஷினில் டேக் போடும்போது பிடிப்பான் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். சாதாரண நியோடிமியம் 80 பாகைக்கு மேல் சூடானால் பலத்தை இழக்க ஆரம்பிக்கும், அதனால் உறை எவ்வளவு கனமாக இருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் தகர மேசையில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார். விண்ணப்பத்தில் ஒன்றுகூட இல்லை. இப்போது சேர்க்கவும் முடியாது.

சின்னதாகிப் போன கிளெய்ம்

புதிய கிளெய்மைப் பெட்டாலிங் ஜெயாவில் எனக்குத் தெரிந்த ஒரு காப்புரிமை முகவரோடு சேர்ந்து எழுதினோம். இரண்டு பாதியாக எழுதுகிற முறை. தெரிந்ததெல்லாம் முன்பாதியில்: உறை, இரண்டு காந்தம், கைப்பிடி. அதற்குப் பிறகு சிறப்பம்சம்: வளைந்த இருக்கையில் அசையும் கால், பாய்வு அந்த இருக்கைப் பரப்பு வழியே காலுக்குக் கடப்பது, இயங்கும் நிலையில் அதே பாய்வு காலை இருக்கையோடு இழுத்து அசையாமல் பூட்டுவது. பதிலில் பரிசோதகரோடு ஒரு சொல்லும் மோதவில்லை. முதல் கிளெய்ம் புதுசு இல்லை என்று அவர் சொன்னதை ஒப்புக்கொண்டு, அதை விட்டுவிட்டு, இந்தப் பூட்டு இரண்டு ஆவணத்திலும் இல்லை, தனிப் போல்ட் இல்லாமலேயே கோணம் நிற்பது அவற்றிலிருந்து எதிர்பார்க்க முடியாத பலன் என்று காட்டியிருக்கிறோம்.

சித்தப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "காந்தத்தையே முன்பாதிக்குத் தள்ளிட்டீங்களேம்மா. காலுக்கா பேட்டண்ட்? இவ்வளவு சின்னதா?" என்றார். அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தட்டைப் பரப்புக்கு யார் வேண்டுமானாலும் காந்தப் பிடிப்பான் விற்கட்டும், கடையில் ஏற்கெனவே விற்கிறார்கள், அதை நிறுத்த அவருக்கு உரிமையும் இல்லை, ஆசையும் இருக்கக் கூடாது. வளைந்த சுவருக்குள் குனிந்து வேலை செய்கிறவன் எதற்காக இவருடைய பிடிப்பானைத் தேடி வருவானோ அந்த ஒரு காரணம் இந்தச் சின்னக் கிளெய்முக்குள் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டி, கப்பல் அடிப்பாகம், பெரிய குழாய் எல்லாமே வளைவுதான். அதை விட்டுவிட்டு யாரும் அவரை நகலெடுத்துப் பிரயோஜனம் இல்லை.

பரிசோதகர் இதையும் ஏற்காவிட்டால் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழுக்கு மாற்றிக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் புதுமை இருந்தால் போதும், கண்டுபிடிப்புப் படி கேட்க மாட்டார்கள். ஒரே ஒரு கிளெய்ம்தான் வைக்கலாம். 10 ஆண்டு, பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டினால் இன்னும் ஐந்தும் ஐந்தும். சின்னப் பட்டறைகளுக்கு இது கேவலம் என்று ஒரு நினைப்பு நம் ஆட்களிடம் இருக்கிறது, எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. சித்தப்பாவுக்கு இப்போதைக்கு காப்புரிமைதான் வேண்டும், அதனால் முதலில் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

காத்திருக்கும் நேரத்தில் அவர் அடுத்ததைச் செய்துவிட்டார். இரண்டு காலுக்குப் பதில் நான்கு கால், ஒவ்வொன்றும் தனியாகச் சாய்ந்து, ஒரே கைப்பிடியில் எல்லாம் இறுகும்படி. இதைப் பழைய விண்ணப்பத்தில் நுழைக்க முடியாது, புதுசாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும், அதுவரைக்கும் வெளியே காட்டாதீர்கள் என்று சொன்னேன். "அடுத்த வாரம் ஷட்டவுனும்மா, உள்ளே கொண்டுபோகாம எப்படி வேலை செய்ய?" என்றார். அவர் சொல்வதும் சரி, ஆலையில் மற்றக் காண்ட்ராக்டர்கள் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். விண்ணப்பதாரர் தாமே வெளிப்படுத்தியதை மலேசியச் சட்டம் ஒரு வருஷத்துக்குப் பொறுத்துக்கொள்ளும், ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது, அங்கே கதவு சாத்திவிடும் என்று விளக்கினேன். ஐரோப்பாவில் நமக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டுப் பிடிப்பானைப் பெட்டியில் வைத்தார். சரி, கொண்டுபோங்கள், ஆனால் கொண்டுபோன தேதியை எழுதி வையுங்கள், முதல் நாள் எது கழன்றது, எது நின்றது என்று அதையும் எழுதி வையுங்கள், அடுத்த விண்ணப்பத்தை அதிலிருந்துதான் எழுதப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.